மச்சான்ட குளிசை

என் கணவர் மௌத்தானபோது அவருடைய மேசை லாச்சிக்குள் பதினான்கு காட் குளிசை, பத்துப் பத்தாய் அடைத்த அட்டைகள், பிரிக்கப்படாமல் கிடந்தது. சீனி வருத்தத்துக்கு அவர் தினமும் காலையில் ஒன்று குடித்து வந்த குளிசை. ஊரில் மருந்துத் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டுக் கட்டாரில் இருக்கும் எங்கள் மகன், லீவில் வந்த ஒருவரிடம் பெட்டியாகக் கொடுத்தனுப்பியிருந்தான். பெட்டி வந்த இரண்டாம் வாரம் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீனி மட்டும் கடைசி நாள் வரை கட்டுப்பாட்டில்தான் இருந்தது. அந்தப் பெருமை என்னுடையது என்று சொல்லித் திரிந்தவள் நான்.

ஏனென்றால் அந்தக் குளிசையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே என் வாய்தான். முதலில் அவருக்கு இரண்டு வகைக் குளிசை இருந்தது. ஒன்றைச் சாப்பாட்டோடு மூன்று வேளை குடிக்க வேண்டும், மற்றதைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டும். அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்தவர். எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது என்பது ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு மனப்பாடம். பகல் குளிசை மட்டும் நினைவில் நிற்காது. நான் உடுப்புக் கழுவும்போது சேட்டுப் பைக்குள் அது மாவாய்க் கரைந்து கிடக்கும். அன்றைக்கு வீட்டில் பெரிய ஏச்சு நடக்கும். ஏசி ஏசி எனக்கே அலுத்துப் போய், ஒருநாள் கல்முனையில் ஒரு டொக்டரிடம் காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரெண்டு மருந்தையும் ஒண்டாச் சேர்த்த குளிசை இரிக்கி," என்றார் டொக்டர். "காலையில சாப்பாட்டோட ஒண்டு குடிச்சாப் போதும்."

அவர் அதோடு விடவில்லை, விளக்கமும் சொன்னார். உள்ளே இருக்கும் முதல் மருந்து, ஈரல் சீனியை வெளியே விடுவதைக் குறைக்கும். இரண்டாவது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும். பயப்பட வேண்டியது அந்த இரண்டாவதுக்குத்தான். சாப்பிடாமல் குடித்தாலும், அதே வகை மருந்தை வேறு பெயரில் கூடக் குடித்தாலும் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்றுகூட மனதுக்குள் நினைத்தேன். மூளைக்குச் சாப்பாடு குளுக்கோஸ்தான் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் அந்தக் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிள்ல போறாங்க. பெற்றோல் மிச்சம்," என்றார். அப்போது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். எனக்கும் சிரிப்பு வந்தது.

என் தங்கச்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் என்னைவிடப் பதினொரு வயது இளையவள். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சிக்கு எட்டு வயது, எங்கள் வாப்பா மௌத்தாகி ஒரு வருஷம். அவளைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போனவர் அவர். அவளுடைய கணக்குக் கொப்பியைப் பார்த்தவரும், பிறகு அவளுக்கு வீடு கட்டி, மாப்பிள்ளை பார்த்து, கைப்பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்த மாப்பிள்ளை இரண்டு வருஷத்தில் வேறு குடும்பம் தேடிப் போனபோது, கைக்குழந்தையோடு நின்றவளுக்குச் சோறு கொண்டு போனவரும் அவர்தான். அவள் என்னை ராத்தா என்றும் அவரை மச்சான் என்றும் கூப்பிட்டாள். பாசம் மட்டும் வாப்பாவுக்கு உரியது.

தங்கச்சிக்கும் சீனி வருத்தம். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாதம் ஒருமுறை கொப்பி காட்டி மருந்து எடுப்பாள். பழுப்பு உறைக்குள் எண்ணிப்போட்ட குளிசைகள், உறைக்கு மேல் காலைக்கு எத்தனை, இரவுக்கு எத்தனை என்று பேனையால் எழுதியிருக்கும். அவளுக்கும் அதே இரண்டு வகைதான், தனித்தனியாக. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் குசினியோடு ஒட்டிய அறையில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவளுடைய வீட்டுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைதான்.

மௌத்தானவரின் உடுப்பு, செருப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் நாங்கள் சதக்காவாகக் கொடுத்துவிடுவோம். அவர் விட்டுப்போனதை இன்னொருவர் பாவிக்கும்வரை கபுறில் இருப்பவருக்கு நன்மை போய்க்கொண்டிருக்கும் என்பது நம்பிக்கை. ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்து மறுநாள், நான் அவருடைய சாரன்களையும் சேட்டுகளையும் பிரித்துப் பொதி கட்டினேன். லாச்சியைத் திறந்தால் பதினான்கு காட். கிளினிக்கில் அப்போது தங்கச்சியின் இரண்டாவது மருந்து முடிந்துபோய், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாமசிகளிலும் இல்லை என்று அவள் இரண்டு வாரமாக அதைக் குடிக்காமல் இருந்தாள். அல்லாஹ் கணக்குப் பார்த்துத்தான் இதை மிச்சம் வைத்திருக்கிறான் என்று எனக்கு அழுகை வந்தது.

அவளைக் கூப்பிட்டேன்.

"இது மச்சான் குடிச்ச குளிசையா ராத்தா?"

"ஓம். ரெண்டு மருந்தும் இதுக்குள்ளயே இரிக்கி. கிளினிக்ல தந்தத வச்சிட்டு இத மட்டும் குடி. நீ குடிக்கிற ஒவ்வொண்டுக்கும் அவருக்கு நன்மை போய்ச் சேரும் புள்ள."

அந்தக் கடைசி வசனத்தை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவள் அதை வெறும் மருந்தாக நினைத்திருப்பாள்.

காட்டை அவள் கையில் வாங்கவில்லை. "உங்கட கையால தாங்க. நான் பகல்ல வாறன்," என்றாள். நான் அப்போது இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வாசல்படி தாண்டாமல் இருக்கும் காலம் அது. தனியாக இருந்து சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் தினமும் லுஹர் தொழுதுவிட்டு வந்துவிடுவாள். ஒரு கறியோடு இருவரும் சாப்பிடுவோம். சாப்பிட்டு முடிந்ததும் கைகழுவிவிட்டு வலது உள்ளங்கையை என் முன்னால் நீட்டுவாள். நான் காட்டிலிருந்து ஒரு குளிசையைப் பிதுக்கி அதில் வைப்பேன். பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்குவாள். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, "யா அல்லாஹ், மச்சான்ட கபுற வெளிச்சமாக்கு," என்பாள். அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான். பகல் எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள், சீனி நல்ல அளவு என்றார்கள். அவள் வந்து சொன்னபோது நான் ஏதோ நானே டொக்டர் போல நிமிர்ந்து இருந்தேன்.

அதற்கடுத்த கிளினிக் முடிந்து வந்த நாள். சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்துகொண்டே சொன்னாள்.

"மருந்து வந்துட்டு ராத்தா. பழைய மாதிரி ரெண்டும் தந்திரிக்காங்க."

"இத குடிக்கிறதச் சொன்னியா?"

"இல்ல. சொன்னா ஏசுவாங்க."

"அப்ப இனி இத நிப்பாட்டு. கிளினிக் குளிசையக் குடி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நான் ஏதோ அவருடைய சோற்றுத் தட்டைப் பறித்தது போல இருந்தது.

"எப்படி ராத்தா நிப்பாட்டுற? கிளினிக் குளிசை என்ட வருத்தத்துக்கு. இது மச்சானுக்கு."

இதைக் கேட்ட விஞ்ஞான டீச்சர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? விசர்க் கதை கதைக்காதே என்று ஒரு அதட்டல் போட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் அதட்டலுக்கு அடுத்த கட்டடத்துப் பிள்ளைகளும் வாய் மூடுவார்கள். அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. எனக்கு அவருடைய கபுறுதான் கண்ணுக்குள் நின்றது. மழைக்குக் கரைந்துகொண்டிருந்த அந்த மண். அவருக்காக நாள் தவறாமல் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பை விட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஏழெட்டுக் காட் கிடந்தது.

"சரி, முடியிற மட்டும் குடி," என்றேன். "அத காலையில குடி, இத பகல் சோத்தோட குடி. வயிறு காலியாக் குடிச்சிடாத."

எவ்வளவு அக்கறை பாருங்கள்.

கொஞ்ச நாளில் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பின்னேரமானால் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பசிக்குது பசிக்குது என்பாள். பால் இல்லாத ஒரு பிளேன்ரியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தால் சரியாகிவிடும். "மச்சான நினைச்சி வாற நடுக்கம்," என்பாள் அவள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஒருநாள் கோப்பையைக் கீழே போட்டு உடைத்தபோது, "வேலவெட்டி இல்லாம கிடந்தா நடுங்காம என்ன செய்யும்," என்று ஏசினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் குறிகளை எழுதிக் கொடுத்து என்ன காரணம் என்று கேட்டால் சீனி இறங்குகிறது என்று சொல்லும். எனக்கும் தெரியும். உள்ளே ஒரு மூலையில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த மூலைக்கு நான் போகவில்லை.

இத்தா முடிய இருபது நாள் இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் வரவில்லை. மறுநாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள்.

"ஏன்கா இந்தக் காய்ச்சலோட வந்த?"

"நேத்து ஒண்டு தவறிப்போச்சு ராத்தா. இண்டைக்கும் விட ஏலாது."

கஞ்சி கொடுத்தேன். நாலு வாய் குடித்துவிட்டு ஓங்காளித்தாள். மிச்சத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். நான் காட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். சாப்பிடாமல் குடிக்கக் கூடாது என்ற டொக்டரின் குரல் என் காதில் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே கேட்டது. அவளுடைய கை நீட்டியபடி இருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. நான் குளிசையைப் பிதுக்கி வைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிபோல அவளுடைய மகள் போன் எடுத்தாள். காய்ச்சலில் தூங்குகிறா என்று சுபஹுத் தொழுகைக்கு எழுப்பாமல் விட்டிருக்கிறாள். பிறகு போய் எழுப்பினால் எழும்பவில்லை. உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்து, வாயில் நுரை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்துதான் கதைத்தாள்.

"சீனி அடிமட்டத்துக்கு இறங்கிட்டாம் பெரியும்மா. சேலைன் ஏத்துறாங்க. கொப்பியக் காட்டினன். இந்தக் குளிசைக்கு இவ்வளவு இறங்காதே, வேற என்னவும் குடிச்சவவா எண்டு டொக்டர் கேக்கிறா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா மகள்," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. சூடான சட்டியில் பட்ட கை தானாகப் பின்னால் வருமே, அப்படி வந்தது. போனை வைத்த பிறகுதான் என் மனம் நியாயம் தேடத் தொடங்கியது. சீனி ஏற்றுகிறார்கள்தானே, எழும்பிவிடுவாள். மௌத்தான புருஷனின் மருந்தைக் கொடுத்துத் தங்கச்சியைக் கொல்லப் பார்த்தாள் என்று ஊர் சொல்லுமே. நான் இத்தாவில் இருக்கிறேன், எங்கே போக முடியும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அந்தக் காட் என் முன்னால் மேசையில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் இரண்டு மருந்தின் பெயரும் சின்ன எழுத்தில் இருந்தது. கண்ணாடி போடாமலே எனக்கு வாசிக்கத் தெரிந்தது.

லுஹர் தொழ நின்றேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை. சோறு ஆக்கவில்லை. அவள் வரும் நேரம் வந்தது, போனது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அவள் கண் முழித்துவிட்டாள் என்று மகள் போன் எடுப்பாள், நானும் ஒன்றும் சொல்லத் தேவையில்லாமல் போய்விடும் என்று காத்திருந்தேன். போன் அடிக்கவில்லை.

அஸருக்குப் பாங்கு சொன்னபோது எழும்பினேன். அபாயாவைப் போட்டுக்கொண்டு, காட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு, மூன்றரை மாதத்துக்குப் பிறகு வாசல்படியைத் தாண்டினேன். முன்வீட்டுப் பொம்பிளை கேற்றடியில் நின்று வாய் பிளந்து பார்த்தாள். பார்க்கட்டும். ஆட்டோக்காரர் ஏதோ துக்கம் விசாரித்தார், நான் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

வாட்டில் தங்கச்சி கண் மூடிக் கிடந்தாள். பக்கத்தில் நேர்ஸ்மார், ஒரு இளவயதுப் பெண் டொக்டர். இரண்டாம் தடவையும் சீனி இறங்கி வலிப்பு வந்திருக்கிறது. நான் போய்க் காட்டை நீட்டினேன்.

"இதையும் குடிச்சவ டொக்டர். தினம் பகல்ல. ஒன்றரை மாதமா ரெண்டையும் சேர்த்து."

டொக்டர் காட்டைத் திருப்பி, மருந்தின் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். பிறகு நேர்ஸிடம் ஏதோ அவசரமாகச் சொன்னார். என்னிடம் திரும்பி, "கடைசியா எப்ப குடிச்ச?" என்று கேட்டார்.

"நேத்துப் பகல்."

"யார் குடுத்த?"

"நான்தான்."

கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற மகள் என்னைப் பார்த்தாள். அழுதழுது வீங்கிய கண்.

"நீங்க தெரியா எண்டு சொன்னீங்களே பெரியும்மா," என்றாள்.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஏசியிருந்தால், கையை நீட்டி அடித்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்கலாம்.

மூன்றாம் நாள் தங்கச்சி கண் திறந்தாள். கண்ணுக்குள் ஆள் இல்லை. முகட்டைப் பார்த்தாள், சேலைன் போத்தலைப் பார்த்தாள், என்னையும் அதே மாதிரித்தான் பார்த்தாள். நாள் போனால் தெளியும் என்றிருந்தோம். வாரங்கள் போயின. நான் ஒருநாள் அந்த டொக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். காலையிலேயே நான் சொல்லியிருந்தால் அவளுக்கு இப்படி வந்திருக்காதா?

அவர் வாட்டுக் கொப்பியைப் புரட்டி, அவளைக் கொண்டுவந்த நேரத்தைப் பார்த்தார். "சொல்லத் தெரியா டீச்சர். கொண்டு வரக்குள்ளயே கனநேரம் போயிட்டு. முதல்லயே தெரிஞ்சிருந்தா அதுக்கேத்த மாதிரிப் பார்த்திருப்பம். அதுக்கு மேல என்னால ஒண்டும் சொல்ல ஏலாது."

ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம் என்று போனேன். அதுவும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலை, சேலைன் ஏற்றிக் கொஞ்சம் தெளிந்த நேரத்தில் என் தங்கச்சி, "ராத்தா எங்க?" என்று கேட்டிருக்கிறாள். இதைச் சொன்னது அடுத்த கட்டிலில் இருந்த நோயாளியின் மாமி. நான் அந்த நேரம் வீட்டில் கதிரையில் இருந்தேன்.

வருபவர்கள் எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் தெரியா என்று சொன்ன வாயை நான்தான் ஒவ்வொரு நாளும் வுழூச் செய்யும்போது கொப்பளிக்கிறேன். தொழுது துஆவுக்குக் கையை ஏந்தினால் எதைக் கேட்பது என்று தெரியாமல் கீழே விடுகிறேன். அவருக்கு நன்மை சேரட்டும் என்று நான் அனுப்பியது என்னவாகிப் போய்ச் சேர்ந்திருக்கும்? அவர் வளர்த்த பிள்ளை அவள். அவர் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டு திரிந்த பிள்ளை. கபுறடிக்குப் போய் வந்த ஆண்கள் மண் இறுகி, புல் முளைத்துவிட்டது என்று சொன்னார்கள்.

மகளுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு. "உம்மாவ என்ட வீட்டுக்கு அனுப்பு," என்று கேட்டேன். அவள் மறுப்புச் சொல்லாமல் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துத் தந்தாள். கிளினிக் கொப்பியையும் தந்தாள். இப்போது குளிசை காலையில் ஒன்றுதான், சீனியைத் தலைகீழாக இறக்காத வகை. தங்கச்சி நடப்பாள், ஊட்டினால் சாப்பிடுவாள். குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, சீப்பால் தலை இழுத்து விடுவது நான். சில நாள் என்னை உம்மா என்பாள், சில நாள் மிஸ் என்பாள். மகள் வந்தால் யாரோ விருந்தாளி வந்தது போலக் கதிரையைக் காட்டுவாள். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போவாள்.

ஆனால் பகல் சோறு முடிந்ததும் அவள் வலது கையை நீட்டுகிறாள்.

முதல் நாள், "முடிஞ்சி புள்ள, குளிசை இல்ல," என்றேன். கை கீழே போகவில்லை. அரை மணி நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள், சின்னப் பிள்ளை கேவுவது போல. நான் ஓடிப்போய்க் கிளினிக்கில் தந்த விற்றமின் குளிசை ஒன்றை எடுத்து வந்து வைத்தேன். உடனே அழுகை நின்றது. பிஸ்மில்லாஹ் சொன்னாள். விழுங்கினாள். இரண்டு கையையும் ஏந்தினாள். என்ன துஆ என்பது அவளுக்கு மறந்துவிட்டது. "மச்சானுக்கு," என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் இது நடக்கிறது.

மிச்சமிருந்த காட்டுகள் இன்னும் லாச்சிக்குள்தான் கிடக்கின்றன. யாருக்கும் கொடுக்க ஏலாது. எறியப் போனால் கை வருவதில்லை. அதே லாச்சியைத் திறந்துதான் விற்றமின் போத்தலை எடுக்கிறேன். வேறு இடத்தில் வைக்கலாம். வைப்பதில்லை.

போன கிழமை ஒருநாள், கீரி மீன் ஆணமும் சோறும் ஊட்டி முடித்து, குளிசையைக் கையில் வைத்தேன். விழுங்கினாள், கை ஏந்தினாள். வழக்கமாக அதோடு சாய்ந்துவிடுவாள். அன்று என் முந்தானையைப் பிடித்தாள். முகத்தை நன்றாகப் பார்த்தாள். அடையாளம் கண்டுவிட்டாள் என்று நினைத்து நான் கிட்டக் குனிந்தேன். அவள் எவருக்கும் கேட்காத மாதிரி மெல்லக் கதைத்தாள்.

"ராத்தாவக் கண்டா ஒண்டு சொல்லுவீங்களா?"

"என்ன சொல்லணும்?"

"நான் ஒரு நாளும் விடல்ல எண்டு சொல்லுங்க. காய்ச்சல் வந்த அண்டைக்கு மட்டும்தான் ஒண்டு தவறின. ராத்தா ஏசுவா."

"ஏச மாட்டா," என்றேன். "நான் சொல்றன்."

அவள் முந்தானையை விட்டாள். நான் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கழுவி வைத்தேன்.